சாவிக்கு எடுத்த நகல்

நேற்று உங்கள் அறையில் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. நீங்கள் தொலைபேசியில் பேச வெளியே போனபோது ஒரு காகிதத்தை மடித்து அடியில் வைத்தேன். இனி ஆடாது. குறை ஒன்று கண்ணில் பட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது. என் மனைவி இதைச் சொல்லியே கேலி செய்வாள். "கல்யாணத்துக்கு முன்னாடி முதல் தடவை வீட்டுக்கு வந்தப்பவே எங்க கதவுத் தாழ்ப்பாளைக் கழட்டி மாட்டின மனுஷன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

வார்டுத் திரை எப்படி வேலை செய்கிறது என்று விசாரணைக் கோப்பில் சேர்க்க எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் கேட்காததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் நிரல் எழுதுகிறவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். இன்னொருத்தியை எல்லோரும் மின்னல் என்று கூப்பிடுவார்கள். விரல் அவ்வளவு வேகம். என்னை வாய் நிறைய அண்ணா என்பாள். செவிலியர் மருந்து கொடுக்குமுன் பார்க்கும் வார்டுத் திரை நான் பைதான் என்ற கணினி மொழியில் எழுதியது. அதற்குள் ஒரு பெரிய லிஸ்ட் நாள் முழுக்க இருந்துகொண்டே இருக்கும். அந்த லிஸ்டுக்குள் நோயாளிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன லிஸ்டுகள்: பெயர், படுக்கை, மருந்து, எது ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு. ஒத்துக்கொள்ளாத மருந்தை யாராவது எழுதிவிட்டால் திரை சிவந்து தடுக்கும். அந்தச் சிவப்பு என் யோசனை. இதுவரை எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேரும் செவிலியருக்கு ஒரு பயிற்சித் திரை வேண்டும் என்று மேலாளர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பார்க்கலாம் பார்க்கலாம் என்றிருந்தேன். நல்ல வேலைக்கு நாள் பிடிக்கும். மின்னல் அதை ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள். "நீங்க பார்த்துக்கிட்டே இருங்க சார், இந்தப் பொண்ணு பண்ணியே முடிச்சிட்டா" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை.

அதைப் பயிற்சிக்குப் போடுவதற்கு முன் அவள் என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

"அண்ணா, வார்டு லிஸ்டை ஒரு காப்பி எடுத்துத்தான் பயிற்சிக்குக் குடுக்கிறேன். சோதிச்சும் பார்த்துட்டேன். பயிற்சியில ஒரு நோயாளியையே தூக்கினேன், அங்க போயிடுச்சு, வார்டுல அப்படியே இருக்கு. இது போதும்ல?"

பார்த்தேன். பார்த்த கணமே தெரிந்தது.

"போதும்மா" என்றேன்.

இதை உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் எடுக்கிறீர்கள். சாவி இரண்டாகிவிடும், வீடு இரண்டாகாது. புதுச் சாவியைத் தூக்கி எறிந்தால் பழைய சாவிக்கு ஒன்றும் ஆகாது. புதுச் சாவியால் திறந்து உள்ளே போய் விளக்கை அணைத்தால், பழைய சாவிக்காரருக்கும் இருட்டுதான். பைதானில் லிஸ்டைச் சாதாரணமாக நகல் எடுத்தால் வெளியே இருக்கும் பெரிய லிஸ்ட் மட்டும்தான் புதிது. உள்ளே இருக்கும் சின்ன லிஸ்டுகள் அதே பழையவைதான். மின்னல் நோயாளியையே நீக்கிப் பார்த்தாள். நோயாளிக்குள் இருக்கும் ஒரு குறிப்பை மாற்றிப் பார்த்திருந்தால் அப்போதே குட்டு உடைந்திருக்கும். உள்ளே உள்ளதையும் சேர்த்து நகலெடுக்க டீப்காப்பி என்று ஒன்று உண்டு. சொல்லித் தர ஒரு நிமிடம் போதும். அவள் கேட்டது போதுமா என்று மட்டும்தான்.

அவளே பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். பட்டுத் தெரிந்துகொண்டது மறக்காது. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை. பயிற்சிக்கு வந்த பெண்கள் நோயாளியைச் சேர்த்தார்கள், நீக்கினார்கள். உள்ளே இருந்ததை ஒருத்தியும் தொடவில்லை. மேலாளர் மின்னலைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, பயிற்சித் திரையை நானே திறந்தேன்.

யாரை வேண்டுமானாலும் தொட்டுவிடுகிறவன் இல்லை நான். யோசித்தேன். ஜன்னலோரப் படுக்கையில் ஒரு தச்சர் இருந்தார். அவருக்குப் பணி மருத்துவர் அவசரத்தில் ஒரு ஊசி எழுதியிருந்தார், அது அவருக்கு ஒத்துக்கொள்ளாது. திரை சிவந்து தடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த படுக்கையிலும் அப்படி ஒருவர் இருந்தார், ஆனால் அவர் பேசக்கூடியவர். ஊசியைப் பார்த்ததும் எனக்கு இது ஆகாது என்று சொல்லிவிடுவார், பிழை வெளியே வராமலே போய்விடும். தச்சருக்குத் தொண்டையில் குழாய். அதனால் அவர்.

அன்று அந்த வார்டில் என் மனைவி பணியில் இருந்தாள். அதுவும் யோசித்துச் செய்ததுதான். அந்த மருத்துவமனையில் அவளைப் போல விறுவிறுப்பான செவிலி கிடையாது. அவருக்கு உடம்பில் தடிப்புத் தடிப்பாக வரும், அவள் உடனே கவனிப்பாள், மாற்று மருந்து போடுவாள், திரை ஏன் தடுக்கவில்லை என்று கேள்வி வரும், எல்லோரும் மின்னலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் என் கணக்கு. வேறொருத்தியின் கையில் நான் அந்த மனிதரை விட்டிருக்க மாட்டேன்.

பயிற்சித் திரையில் அவருடைய குறிப்பை அழித்தேன். எங்கள் அறைக்கு மேலே இருந்த வார்டில் சிவப்பு போய்விட்டது.

சற்று நேரத்தில் தலைக்கு மேலே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. குறிப்பை அது இருந்த இடத்தில் திரும்ப எழுதினேன். பயத்தால் செய்ததாக நீங்கள் நினைக்கலாம். ஒரு பொருளை எடுத்தால் எடுத்த இடத்தில் வைப்பது என் வழக்கம். பயிற்சித் திரையில் செய்வது எதற்கும் பதிவு கிடையாது. அதனால்தான் உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோது குறிப்பு இருந்தது, திரை சிவந்திருந்தது, தச்சர் இறந்திருந்தார்.

என் மனைவி முதல் நாள், "சத்தியமா சிவப்பு இல்லைங்க" என்றாள். அடுத்த நாள், "இருந்திருக்கும் போல. நான்தான் பார்க்கலை" என்றாள். பிறகு சோறு இறங்கவில்லை. "என் கண்ணை ஒரு தடவை காட்டணுங்க" என்று கேட்டாள். நான்தான் அழைத்துப் போனேன். பார்வையில் ஒரு கோளாறும் இல்லை என்று கண் மருத்துவர் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

பிறகு உங்கள் அறிக்கை வந்தது. செவிலியின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தீர்கள். நாளை அவள் வந்து ஆமாம் என்று ஒப்புக்கொள்ளப் போகிறாள். வேலையும் போகும், வழக்கும் வரும். அறிக்கையில் அதற்கு அடுத்த வரியில், பயிற்சித் திரை குறையற்றது, மருத்துவமனையின் மற்ற கிளைகளுக்கும் அதையே தரலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் மனைவிக்காகத்தான் இதை எழுதுகிறேன். தச்சரைக் கொன்றது நான். இன்று காலை இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கையில் துவைத்த துணியோடு நின்று கடைசிவரை கேட்டாள். ஒன்றுதான் கேட்டாள்.

"அவரால பேச முடியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே சொன்னே" என்றேன். "சாப்பிடும்போது. பாவம், கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறாருன்னு."

துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள். அவள் கண்ணில் குறை இல்லை என்று நிரூபித்துக் கொடுத்தவன் நான்தானே.

என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், ஐயா. அறிக்கையில் குறையற்றது என்று இருக்கும் அந்த வரியை மட்டும் முதலில் திருத்திவிடுங்கள்.