எலும்பு ஊறும்னு சொன்னாங்க

இல்லக்கா, இவளுக்கு ஒன்னுமில்ல, நல்லாத்தான் இருக்கா. கையில பிளாஸ்திரியப் பாத்துட்டுக் கேக்கறியா? அது ரத்தம் எடுத்த எடம். நோவு இவ அண்ணனுக்கு. எம் மூத்தவன் கனகராஜு. வேலூர்ல, ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். கொஞ்சம் மெதுவாப் பேசுக்கா, இப்பத்தான் கண்ண மூடினா. ஜன்னல் காத்து மூஞ்சில பட்டாப் போதும், இவளுக்குத் தூக்கம் வந்துடும்.

நீ ஆம்பூர்ல எறங்கறியா? பேரு இன்னா சொன்ன, மஹ்பூபியா. கெடியாரம் கட்டிக்கினு இருக்கியே, மணி இன்னா? எட்டரையா. சரி சரி.

ரத்தத்துல புத்து. ஆமா, மீச கூட இன்னும் சரியா வரல. ராணிப்பேட்டையில ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனியில மிஷின்ல ஒக்காந்தான். பல்லு வெளக்கினா ரத்தம். எங்கனா லேசா இடிச்சிக்கினாலும் நீலமா கன்னிப்போவும். மருந்து மாத்திரையில கொஞ்ச காலம் அடங்கினு இருந்துச்சி, மறுபடி வந்துடுச்சி. அப்பத்தான் டாக்டரம்மா சொன்னாங்க, எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜைய மாத்தணும்னு. ரத்தமே அங்கத்தான் ஊறுதாம். இவனுக்கு ஊறுற எடமே கெட்டுப்போச்சாம். நம்ம நாட்டுலயே இப்பத்தான் ஒருத்தர் ரெண்டு பேருக்கு செய்யறாங்களாம்.

கூடப் பொறந்தவங்களுது சேந்தாத்தான் உண்டு. நான் முந்தானைய இடுப்புல சொருகிக்கினு முன்னாடி போய் நின்னேன்க்கா. என்து எடுத்துக்கோங்க, முழுசா எடுத்துக்கோங்கன்னு. அம்மாவுது பாதிதான் சேரும்மான்னுட்டாங்க. வவுத்துல சொமந்தவளுது பாதி, தட்டுல இருக்கிற மீனுக்கு அவங்கூட சண்ட போட்டவளுது முழுசு. இன்னா கணக்கோ.

எப்பிடி எடுப்பாங்களா? அதெல்லாம் நல்லா சொன்னாங்க, ஒன்னும் மறைக்கல. மயக்கம் குடுத்து, குப்புறப் படுக்க வச்சி, இடுப்புக்குப் பின்னால எலும்புல ஊசி எறக்கி உறிஞ்சுவாங்களாம். ஒரு தபா இல்ல, பல தபா. பாக்க ரத்தம் மாதிரியேதான் இருக்குமாம். அவனுக்கு ஆபரேசன் எதுவும் கெடையாது. ரத்தம் ஏத்தறாங்களே, அப்பிடி நரம்புல ஏத்திடுவாங்க. அது தானா எலும்பத் தேடிக்கினு போய் ஒக்காந்துக்குமாம். அதுக்கு வழி யாரு சொல்லுவாங்கன்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்சாங்க.

இவளுக்கு நாலு நாள் இடுப்பு வலிக்கும், அப்புறம் எழுந்து ஓடுவா, எடுத்ததெல்லாம் மறுபடி ஊறிக்கும்னாங்க. கேணியில எறச்சா ஊறுதில்லயா, அந்த மாதிரின்னாங்க. அவங்க ஊருல ஊறும் போல. எங்க வூட்டாண்ட கேணியில தோல் கம்பெனித் தண்ணி எறங்கிப்போய், எறச்சா செவப்பா நொரையோட ஊறுது. மாடு வாய வெக்காது. அத்தச் சொல்லி என்ன நம்பச் சொன்னா?

என் மேல ஒரு வாசன வருதில்ல? வெக்கப்படாத, சொல்லு. எல்லாரும் சொல்றதுதான். நான் வஜ்ஜிரக் கம்பெனியில வேல செய்யறேன். மரம் ஒட்டற பசை, ஆசாரிங்க வச்சிருப்பாங்களே, அது. மாட்டெலும்பு லாரி லாரியா வந்து கொட்டும். வரும்போது ஒரு தொட எலும்பத் தூக்கவே ரெண்டு கை வேணும். வேகவச்சி உள்ள இருக்கிறதெல்லாம் எறங்கினப்புறம் வாரிக் கொட்டறது நானு. காஞ்ச சோளத்தட்ட கணக்கா இருக்கும்க்கா. வெரல்ல அழுத்தினாப் பொடியுது. இவ பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து வாரிக்கினு இருக்கேன். ஒரு எலும்பாவது மறுபடி ஊறி நான் பாத்ததில்ல.

இதுல இடுப்பெலும்பு வேற. நாளைக்குப் புள்ள பெக்க வேண்டிய பொண்ணு. எங்க வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு தெரியுமா? பொட்டப்புள்ளதானே, இடுப்பு கொஞ்சம் கோணினாத்தான் இன்னா, பையன் பொழச்சாப் போதும்னாரு. கையெழுத்தும் போட்டுட்டாரு. இந்தப் பைத்தியம் அவருக்கு மேல. அம்சவேணி. எடுத்துக்கோ எடுத்துக்கோன்னு குதிக்கறா. கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னுக்கினு, என்து ஏறிச்சின்னா நீயும் கணக்குல முட்ட வாங்குவ பாருன்னு அண்ணங்கிட்ட சைகை காட்றா. வாயெல்லாம் புண்ணு அவனுக்கு. சிரிக்க முடியாம சிரிக்கறான்.

ஆமாக்கா, கண்ணாடி ரூமு. உள்ள வச்சிட்டாங்க. மொட்ட அடிச்சாச்சி. தண்ணி கூட காச்சித்தான் குடுப்பாங்க. பெத்தவ நான், தொடக்கூடாது. புதுசு ஏத்தறதுக்கு முன்னாடி பழச அழிக்கணுமாம், அதுக்கு மருந்து. அழிச்சும் முடிச்சிட்டாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டரம்மா என் கையப் புடிச்சிக்கினு சொன்னாங்க. வேணான்னா இப்பவே சொல்லிடும்மா, இந்த மருந்து போனப்புறம் சொல்லக்கூடாது, அப்புறம் அவனுக்குள்ள ஒன்னுமே இருக்காது, ரத்தம் ஊற வழியே இல்லன்னு. தலைய ஆட்டினேன். எல்லாரும் என்னியே பாத்துக்கினு இருந்தாங்க, வேற இன்னா செய்ய?

நேத்து இவளக் கூப்ட்டு இடுப்பத் தடவிப் பாத்தாங்க, எங்க எறக்கலாம்னு. இவ கூச்சத்துல நெளிஞ்சி நெளிஞ்சி சிரிக்கறா. எனக்கு வெரல் நுனியில அந்தப் பொடி ஒட்டின மாதிரியே இருந்துச்சிக்கா. ராத்திரி சோறு பெசையறேன், அப்பவும் போவல.

அவன் பொழைக்கறதும் பாதிக்குப் பாதின்னுதான் சொன்னாங்க. ரெண்டையும் வாரிக் குடுத்துட்டு நான் யாருக்கு ஒல வெக்கறது, நீயே சொல்லு.

நாங்களா? கோலாருக்கு. என் தங்கச்சி அங்க இருக்கா. டாக்டரு நாள் தள்ளி வச்சிட்டாங்க, அதுக்குள்ள சித்திய ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்னு சொல்லித்தான் இவள இட்டாந்தேன். காலையில எதுவும் குடுக்காதீங்கன்னு நர்சம்மா சொல்லியிருந்தாங்க. கொழந்த மூஞ்சி வாடிப்போச்சி. பஸ் ஸ்டாண்டுல இட்லி வாங்கிக் குடுத்தேன். வடகறி ஊத்திக்கினு நல்லாத் துன்னா.

தள்ளியெல்லாம் வெக்கலக்கா. இன்னைக்குத்தான். பத்து மணிக்கு.

ஒம்போது ஆயிருக்குமா இப்ப?

ஏன்க்கா எழுந்திருக்கற? ஆம்பூரு வரலயே, பள்ளிகொண்டாவே இப்பத்தான் தாண்டினோம். ஒக்காரு. கண்டக்டர எதுக்குக் கூப்புடற. வேணாம்க்கா, விசில் ஊதச் சொல்லாத. பஸ்ஸு நின்னா இவ முழிச்சிக்குவா.