ரீல் எடுத்த ஆறாவது சுருள்

மத்தியானம் இரண்டேகால். துறைமுகத்துக்குப் பின்னால், கிடங்குகளுக்கு நடுவே போகும் சாலை. ஈ, காக்கை இல்லை. ஒரு பெண் மட்டும் தனியாக நடந்துகொண்டிருக்கிறார்… நாலு எட்டு வைப்பதும், திரும்பிப் பார்ப்பதுமாக.

பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தானே தொடங்க வேண்டும் என்று கேட்காதீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். நம் எலெக்ட்ரீஷியனின் அத்தை மகளுக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். யாராவது அந்த ஜன்னலை மட்டும் சாத்துங்கள்.

அவர் ஒரு டீச்சர். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் வேலை. அவருக்கும் காது கேட்காது. ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போனது. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே சொன்னதைப் பிடித்துவிடுவார். அவர் இருக்கும் பக்கம் திரும்பி யாரும் வம்பு பேசமாட்டார்கள்.

எதற்குத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்? பின்னால் லாரி வந்தால் தெரியாதே, அதற்கு.

ஐந்தாவது முறை திரும்பியபோது, முழங்காலை உரசுகிற தூரத்தில் ஒரு கார் நின்றது.

"எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கிறேன்! ஏறுங்க டீச்சர். டைப்பிஸ்ட் பொண்ணு வீட்டுக்குத்தானே? நானும் அங்கதான் போறேன்."

ஓட்டியவர் கேப்டன். அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு வருஷத்துக்கு முன் ஒரு பாய்மரப் படகில் நாலு பேர் போனார்கள். ஒருவர்தான் திரும்பினார். சூறைக்காற்றில் பாய் கட்டும் குறுக்குக் கட்டை சுழன்று அடித்து, துணைக் கேப்டனையும் சமையல்காரரையும் கடலில் தள்ளிவிட்டதாம். அவர்களைப் பிடிக்கப் போன சின்னப் பையனும் போய்விட்டானாம். தலையில் கட்டோடு படகைத் தனி ஆளாகக் கரை சேர்த்த கேப்டனைப் பார்த்து அழாதவர்கள் இல்லை.

அந்தப் பையனைப் படகில் 'ரீல்' என்று கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயது. சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய சினிமா கேமரா ஒன்று வைத்திருந்தான். கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடிப்பான். வாயைத் திறந்தால் அளப்பான். எப்படிப் பார்த்தாலும் ரீல்தான்.

அவன் அக்கா, டீச்சரின் பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்ட். போன மாதம் படகைப் பழுது பார்த்த தச்சர், படுக்கைப் பலகைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து அவளிடம் கொடுத்தார். உள்ளே ஆறு சின்னச் சுருள்கள். ஸ்டுடியோக்காரர் கழுவிக் கொடுத்தார், ஓட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் ஊமைப் படம்.

"அவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரியணும் டீச்சர். நீங்க வந்து படிச்சுச் சொல்லணும்" என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படி மறுப்பது?

கார் நகர்ந்ததும் கேப்டன் திரும்பிச் சிரித்தார். "படம் பாக்க உங்களையும் கூப்பிட்டாளா?"

"சத்தம் இல்லாத படமாச்சே. உதட்டைப் பாத்துச் சொல்லக் கூப்பிட்டா."

அதற்கப்புறம் கேப்டனின் ஒரு கை ஸ்டியரிங்கில். இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்… வீடு வரும்வரை.

மாடியில் இரண்டே அறைகள். பையனின் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி" என்று கேப்டனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மாதம் தவறாமல் பழமும் மருந்தும் வாங்கி வருகிறவர். ஒவ்வொரு தடவையும் "அவன் சாமான் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்பார். பாசம் என்று நினைத்திருந்தார் அந்தத் தாய்.

ஜன்னல்களில் போர்வை தொங்கியது. சுவரில், சுருக்கம் போகத் தேய்த்த வெள்ளைப் படுக்கை விரிப்பு. மேஜை மேல் இஸ்திரிப் பெட்டி இன்னும் ஆறவில்லை. சூடான துணி வாசனை.

"இந்த மெஷின் பழசும்மா. பிலிமைப் பொசுக்கிடும். டின்னோட குடுங்க, நான் நல்ல இடத்துல போட்டுக் கொண்டாரேன்" என்றார் கேப்டன்.

"வாடகை மெஷின்ண்ணா, சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும். பாத்துடலாம்" என்று அக்கா விளக்கை அணைத்துவிட்டாள்.

டீச்சர் திரைக்கு இரண்டு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். மற்ற மூன்று பேரும் அவர் முதுகுக்குப் பின்னால். முதுகுக்குப் பின்னால் என்றால் அவருக்கு வேறு தேசம் மாதிரி.

முதல் மூன்று சுருளும் கும்மாளம். சமையல்காரர் வெங்காயம் உரிக்கிறார். டீச்சர் அவர் உதட்டைப் படித்து, தனக்கே உரிய ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னார்: "என் மூஞ்சிய எடுக்காதடா. பொண்டாட்டி பாத்தா வீட்லயும் வெங்காயத்தக் கையில குடுத்துடுவா." திரும்பிப் பார்த்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை.

நாலாவதில் குடிதண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருந்தது. ஐந்தாவதில் சண்டை.

"'திரும்பிடலாம் கேப்டன். தண்ணி மூணு நாளைக்குத்தான் வரும்'… இது துணைக் கேப்டன். 'என் படகுல நான் வெச்சதுதான் சட்டம்'… இது…" டீச்சர் நிறுத்திக்கொண்டார்.

அக்கா ஆறாவது சுருளை மாட்டினாள்.

கதவு இடுக்கு வழியாக எடுத்த படம். மேல்தளம். துணைக் கேப்டன் தண்ணீர்க் குடுவையைத் தூக்குகிறார். பின்னாலிருந்து கேப்டன் வருகிறார். பாய்க்கயிற்றை இறுக்கும் உருண்டை முனை இரும்புக் கைப்பிடி அவர் கையில். ஓங்கி… ஒரே அடி. துணைக் கேப்டன் முட்டி போட்டு விழுகிறார். ஒரு கண் மூடிவிட்டது. வாய் அசைகிறது.

டீச்சர் வாயும் தானாக அசைந்தது. "'வேண்டாம் கேப்டன். என் பொண்ணு சின்னவ. வேண்டாம்…'"

இன்னொரு அடி. இன்னொன்று. பலகையில் ரத்தம் ஓடுகிறது. சமையல்காரர் கரண்டியும் கையுமாக ஓடி வந்து கேப்டன் காலைக் கட்டிக்கொள்கிறார். அவர் மண்டையிலும் இறங்குகிறது இரும்பு. தாடை பெயர்ந்து தொங்குகிறது. அந்த வாயால் அவர் சொன்னதை டீச்சரால் படிக்க முடியவில்லை.

பிறகு திரையில் கேப்டன் மெதுவாகத் தலையைத் தூக்கினார். கதவு இடுக்கைப் பார்த்தார். நடந்து வந்தார். கதவுப் பலகை பிளந்தது. படம் சுழன்றது… கடல், வானம், கடல்.

அப்போது டீச்சரின் உள்ளங்கைக்குக் கீழே தரை அதிர்ந்தது. கனமான ஏதோ விழுந்த மாதிரி. அவர் திரும்பப் போனார். ஆனால் திரையில் ஒரு முகம் வந்துவிட்டது.

ரீல். அதுவரை ஒரு சுருளிலும் வராத முகம். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நேராக டீச்சரைப் பார்க்கிறான். உதடு அசைகிறது.

டீச்சர் சொன்னார்: "'அக்காவ அடிச்சுட்டான்.'"

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கு உறைத்தது.

உதடு மறுபடி அசைந்தது. இந்த முறை அவசரமாக.

"'குனிங்க டீச்சர்!'"

குனிந்தார். அவ்வளவுதான் தெரியும். தலைக்கு மேல் சூடான காற்று போனது. இஸ்திரிப் பெட்டி விரிப்பைக் கிழித்துக்கொண்டு சுவரில் இறங்கியது. காரை பெயர்ந்து பிடரியில் கொட்டியது. கருகிய துணி நாற்றம். கேப்டனின் கால்கள் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். டீச்சர் சுவரோரம் உருண்டு, முட்டிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

இரண்டாவது அடிக்காகக் காத்திருந்தார்.

வரவில்லை. ஒரு நாற்றம்தான் வந்தது. டீசல், உப்பு, அதற்கடியில் ரத்தக் கவிச்சி. தரை சில்லிட்டது. பிறகு அதிர ஆரம்பித்தது. தொம்… தொம்… ஒரு அடி இந்தப் பக்கமிருந்து. ஒரு அடி அந்தப் பக்கமிருந்து. ஆள் மாறி ஆள் ஆணி அடிக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல். டீச்சர் உள்ளங்கையால் எண்ணினார். பதினேழு வரை எண்ணினார். அப்புறம் எண்ணவில்லை.

மேஜைக்கு அடியில் கழுத்தெலும்பு உடைந்து கிடந்த அக்காவுக்குக் காது கேட்கும். அவள் எதையும் பார்க்கவில்லை, கேட்டாள். முதலில் கேப்டன் கத்தினார். பிறகு கெஞ்சினார். பிறகு ஈர மூட்டையை அடிக்கிற சத்தம் மட்டும். கடைசியில் சுருள் முடிந்து, பிலிமின் வால் மெஷினில் டப்… டப்… டப் என்று அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் மயங்கிக் கிடந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

போர்வையை விலக்கியபோது கேப்டன் விரிப்புக்குக் கீழே கிடந்தார். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

போலீஸ் வந்தது. இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறி, உருண்டை முனை இரும்பால் விழுந்த அடிகள் என்றார் டாக்டர். அந்த வீட்டில் அப்படி ஒரு இரும்பே இல்லை. கேமராவோடு கடலில் போன சுருள் பிஸ்கட் டின்னுக்குள் எப்படி வந்தது என்றும் யாருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் டீச்சரின் மெலிந்த கைகளை ரொம்ப நேரம் பார்த்தார். "மூணு பொம்பளைங்க அடிச்ச அடியா இது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டீச்சர் அதையும் படித்துவிட்டார்.

நாலாம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சாட்சியமாக எழுதிக்கொள்ள ஆறாவது சுருளை மறுபடி ஓட்டினார்கள். டீச்சர் படிக்க, ஒரு கான்ஸ்டபிள் எழுதினார். இரண்டு கொலைகளும் வந்தன. கதவு பிளந்தது. படம் சுழன்றது.

ரீலின் முகம் வரவில்லை.

ஒரு அறை வந்தது. ஜன்னலில் போர்வை. கட்டிலில் அம்மா. மெஷின் பக்கத்தில் அக்கா. தரையில், கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு டீச்சர்… வாய் அசைகிறது. விரிப்பு தொங்கிய சுவருக்குள் நின்று யாரோ எடுத்த மாதிரி இருந்தது. கான்ஸ்டபிளின் பேனா நின்றுவிட்டது.

படத்தில் கேப்டன் எழுந்தார். அக்காவை அடித்தார். டீச்சரை நோக்கி ஓங்கினார். டீச்சர் குனிந்தார், உருண்டார். இப்போது கேப்டனுக்கு முன்னால் எதுவும் இல்லை, கேமராவைத் தவிர. அதைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி கையிலிருந்து நழுவியது. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். என்னவோ சொன்னார். அதோடு படம் முடிந்தது.

"என்னம்மா சொல்றான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் மெஷினைக் காட்டினார். திரும்ப ஓட்டினார்கள். மூன்றாம் தடவைதான் வாயைத் திறந்தார். அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னார்:

"'அவங்களையும் கூட்டிக்கிட்டா வந்தே?'"