பண்டிதர் தியோடரும் பெரியப்பா மகனும்

தலைமை வகிக்கும் ஐயரவர்களே, சபை மூப்பர்களே, தண்டுப் பகுதியிலிருந்தும் அடுகோடியிலிருந்தும் மழையில் நனைந்து வந்திருக்கும் தாய்மார்களே, நண்பர்களே!

நம் பண்டிதர் தியோடர் அவர்கள் வேத வகுப்பில் என்ன கற்பித்தார்? பழைய இஸ்ரவேலர் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், யார் நிலம் யாருக்குப் போனது என்பதையே வாழ்நாளெல்லாம் கற்பித்தார். யாக்கோபு மாமன் மகளைக் கட்டிய இடம் வந்தால், "நம்ம முறைதான்!" என்று எப்படி மகிழ்ந்துபோவார்! இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குச் சென்ற மாதம் பதில் கிடைத்தது.

அடுகோடித் தச்சு மேஸ்திரி அலெக்சாண்டர் போன வருடம் காலமானார். மனைவி முன்பே இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனது ஒரு வீடும் ஒரே மகள் பியாட்ரிஸும். மல்லேஸ்வரத்துக் கன்னடக் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவருக்கு அவளை நிச்சயம் செய்து, கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. அப்போது அவள் பெரியப்பா ஓஸ்வால்ட் அவர்கள் மூப்பர்களிடம் வந்தார். வேதத்திலிருந்து அவர் எடுத்துக்காட்டிய கதை இது: மோசே காலத்தில் ஆண்பிள்ளை இல்லாத ஒருவரின் ஐந்து மகள்கள் தகப்பன் நிலத்தைக் கேட்டுப் பெற்றார்கள்; ஆனால் தகப்பன் கோத்திரத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை.

"வெளியே கட்டிக்கிட்டா வீடு எங்க வகையறாவுக்கு. நான் சொல்லல, வேதம் சொல்லுது" என்றார் அவர்.

மூப்பர்கள் தலையசைத்தார்கள்.

"வீடு வேணுமா, அவர் வேணுமான்னு கேக்கறீங்க. அப்படித்தானே பெரியப்பா?" என்றாள் அந்தப் பெண்.

சபைப் பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போன நான் மூலையில் இருந்தேன். காதால் கேட்டதையே சொல்கிறேன். மூப்பர்களோடு உட்கார்ந்திருந்த பண்டிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"ஓஸ்வால்ட், பாதியிலே நிறுத்திட்டியே. அந்த அஞ்சு பொண்ணுங்களும் யாரைக் கட்டினாங்க?"

"சொந்தத்திலே."

"எந்தச் சொந்தம்? அப்பாவோட கூடப்பிறந்தவங்க பையன்களை! உன் பையனுக்குக் கல்யாணக் கோட்டு தைக்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ பண்டிதரே! அவன் இவளுக்கு அண்ணன்!"

கூடமே சிரித்தது, அன்பர்களே! பண்டிதர் மட்டும் சிரிக்கவில்லை.

"இஸ்ரவேலருக்கு அவன் மாப்பிள்ளை, நமக்கு அண்ணன். பொண்ணை அவங்க முறைப்படி கட்டிவைக்கமாட்டே. வீட்டை மட்டும் அவங்க முறைப்படி கேப்பியா? சரி, அவன் இவளுக்கு அண்ணன்னா, நீ இவளுக்கு யாரு?"

ஓஸ்வால்ட் அவர்கள் எழுந்து போனார். வீடும் மாப்பிள்ளையும் பியாட்ரிஸுக்கே என்று மூப்பர்கள் தீர்த்தார்கள். தகப்பன் இடத்தில் நின்று அவளைக் கைப்பிடித்துக் கொடுக்கத் தாமே வருவதாகப் பண்டிதர் வாக்களித்தார். கல்யாணம் வரும் புதன்கிழமை. பண்டிதரோ போன வெள்ளிக்கிழமை கண்மூடிவிட்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லாரும் உறுதி சொன்னோம். எது அவர் பணி? வகுப்புக்கு வேறு ஆசிரியர் வருவார், வரட்டும். அவர் தேதி குறித்து விட்டுப்போன வேலை இந்தக் கல்யாணம். அந்தத் தகப்பன் இடத்தில் நான் நிற்கலாம், ஐயரவர்கள் வேறு யாரையாவது நிறுத்தலாம். ஆனால் "நீ இவளுக்கு யாரு?" என்று பண்டிதர் கேட்ட கேள்விக்கு எங்களில் எவரும் பதில் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஓஸ்வால்ட் ஐயா, இப்போது எழுந்திருக்க வேண்டாம். புதன்கிழமை கோவிலில் எழுந்து நின்றால் போதும்.