முள் நிற்கும் நேரம்

— ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடறதுக்கு இவ்வளவு யோசனையா தம்பி? சொத்தையா எழுதி வாங்கறேன்?

— சொத்துன்னா யோசிக்காமப் போட்டிருப்பேன் அண்ணி, எங்கிட்ட என்ன இருக்கு. இது இன்னொருத்தர் பொழப்பு.

— நாலு மணிக்கு இந்த அறிக்கை உன் கையெழுத்தோட மேனேஜர் ரூம்ல இருக்கணும். படிச்சுப் பாத்தே இல்ல? பெரிய யூனிட்ல பன்னெண்டு தடவை எண்ணெய் தெளிவா வந்துச்சு. பதிமூணாவது தடவை மொத்தமும் மெழுகாக் கட்டிப்போச்சு. எண்ணெய்க்குள்ள விடற ஹைட்ரஜனை ரெண்டு மணி நேரத்துல நிறுத்தாம அந்த ஆப்பரேட்டர் அசந்துட்டாரு. வேற என்ன?

— சரியா ரெண்டு மணி நேரத்துல நிறுத்தினேன்னு சொல்றாராமே.

— சொல்லத்தான் செய்வாரு. எண்ணெயில ஹைட்ரஜனைச் சேர வைக்கிற அதே கேட்டலிஸ்ட் பொடியைத் திரும்பத் திரும்ப வடிச்சுப் போட்டு, இங்க சோதனைக்கு வெச்ச சின்ன டேங்க்ல நீ நாப்பது தடவை ஓட்டியிருக்கே. நாப்பதும் சுத்தம். நோட்டுல ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு மணி நேரம்னு உன் கையெழுத்து. அப்புறம் பொடி மேல எப்படிப் பழி போடறது? மூணு வருஷ உழைப்பு தம்பி. வீட்ல அவர் பேரைவிட அந்தக் கருப்புப் பொடி பேரைத்தான் அதிகமாச் சொல்றேன்னு உங்க அண்ணன் கேலி பண்றாரு.

— எங்கிட்டயும் புலம்பினாரு. பொடி நல்ல பொடிதான் அண்ணி, சும்மா சொல்லக் கூடாது.

— அப்புறம் என்ன, போடு.

— அது வந்து... நோட்டுல எழுதினது நீங்க சொன்னது. செஞ்சது வேற.

— என்ன வேற?

— நான் கடிகாரத்தைப் பாக்கறதே இல்ல. பிரஷர் முள்ளைத்தான் பாப்பேன். எண்ணெய் கேஸைக் குடிக்கக் குடிக்க முள்ளு இறங்கும். நமக்கு வேண்டிய பக்குவம் வந்ததும் அப்படியே நிக்கும். அப்போ நிறுத்திடுவேன். விட்டா மறுபடி இறங்கும், அப்போதான் மெழுகு.

— நாப்பது தடவையும் இப்படித்தானா?

— முதல்லேருந்தே. எழுதினதைத் தாண்டிச் செஞ்சேன்னு தெரிஞ்சா, வேலை வாங்கிக் கொடுத்த உங்களுக்குத்தான் கெட்ட பேரு. அதான் வாயைத் திறக்கல.

— அடப்பாவி. சரி, இரு. முள்ளு எவ்வளவு நேரம் நிக்கும்?

— புதுப் பொடியில அரை மணி நேரம் அசையாது. தடவை ஏற ஏறக் குறைஞ்சுட்டே வந்துச்சு. போன வாரம் நாலே நிமிஷம். ஒரு டீ குடிக்கக்கூட நகர முடியல.

— ரெண்டு மணி நேரம் ஆகறதுக்குள்ளயே மறுபடி இறங்க ஆரம்பிச்சது முதல்ல எத்தனாவது தடவை? யோசிச்சுச் சொல்லு.

— யோசிக்கவே வேணாம், காலண்டர் பின்னாடி எழுதி வெச்சிருக்கேன். பதிமூணு.

— பதிமூணு.

— ஆமாம். அண்ணி, உக்காருங்க. தண்ணி கொண்டு வரட்டுமா?

— வேணாம். அப்போ பக்குவத்துல நிறுத்தத் தெரிஞ்ச பொடிதான், அது நிஜம். ஆனா போகப் போகப் பிடி தளர்ந்துபோகுது. நாப்பது தடவை உழைக்கும்னு அறிக்கையில எழுதியிருக்கேனே, அது பொடி உழைச்சதில்ல, நீ உழைச்சது. எனக்கு வெக்கமா இருக்கு தம்பி.

— வெக்கப்பட என்ன இருக்கு? இதுக்கு முன்னாடி இருந்த பொடி மூணாவது தடவையே படுத்துடும். மேனேஜர்கிட்ட நானே வந்து சொல்றேன், என் வேலை போனாப் போகுது. பாவம், அந்த மனுஷன் காகிதத்துல இருந்ததை அப்படியே செஞ்சிருக்காரு. நல்ல வேளை, இது இன்னும் உங்க கையிலயே இருக்கு. கிழிச்சுப் போட்டா முடிஞ்சுது.

— இது உன் சாட்சிக்காக எடுத்த நகல். அசலைக் காலையிலேயே கொடுத்துட்டேன். பத்து மணிக்கெல்லாம் அந்த ஆப்பரேட்டரை வேலையை விட்டே நீக்கி, கம்பெனி கேட்டுக்கு வெளியே அனுப்பிட்டாங்க. மேனேஜர் இருக்கட்டும் தம்பி, அவர் வீட்டுக்கு வழி தெரியுமா உனக்கு?