மெர்வ் தூங்கிய ஒன்பது நிமிடம்

புதன்கிழமை மதியங்களில் எங்கள் ஊர் கேசினோவில் கார் நிறுத்த நிழலான இடம் சுலபமாகக் கிடைக்கும். நானும் மெர்வும் அந்தக் கிழமையைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். முப்பது டாலர் கட்டினால் போக்கர் போட்டி, கூடவே ஒரு தட்டு பொரித்த மீன். நாற்பது பேர் வருவோம், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். மழைக்காலத்து வடக்கு குயின்ஸ்லாந்தில் வீட்டில் வியர்த்துக்கொண்டு கிடப்பதற்கு இது மேல்.

சார்ஜெண்ட், உங்களுக்குப் போக்கர் தெரியாது என்றீர்கள். பாதகமில்லை. இந்த வழக்குக்கு அதில் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் யாராவது ஒருவர், தன் சீட்டைப் பார்க்கும் முன்பே, இரண்டாயிரம் சில்லுகளை நடுவில் வைத்தாக வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அவர் பாதி வைத்தால் போதும். அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் இரண்டாயிரம் வைப்பார். இப்படியே அந்தக் கடமை மேசையைச் சுற்றி வரும். இது இல்லாவிட்டால் நல்ல சீட்டு வரும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பம்பு இழுப்பதற்கு முதலில் நாம் கொஞ்சம் நீர் ஊற்றுவதில்லையா, அது போல. சில்லு வெறும் பிளாஸ்டிக் வில்லைதான், பண மதிப்பு கிடையாது. தீர்ந்தால் எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று மேலாளர் கிளெனிஸ் சுவரில் ஒட்டியிருக்கும் விதி. எங்கள் வயதில், மீன் சாப்பிட்ட பிறகு, மேசையிலேயே தூங்குபவர்கள் உண்டு. தூங்குபவருக்காக ஆட்டம் நிற்காது. அவர் முறை வந்தால், சீட்டுப் போடும் பெண் கிர்ரா அவர் குவியலிலிருந்து சில்லை எடுத்து நடுவில் வைத்துவிடுவாள். ஆனால் உடம்பு சரியில்லாமல் போனவருடைய குவியல்மேல் கிளெனிஸ் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுவார். அவர் திரும்பி வரும்வரை அதை யாரும் தொடக்கூடாது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் அம்மாள் மயங்கி விழுந்தபோது வந்த விதி. நல்ல விதி. அன்றைக்கு முதலில் கைதட்டியது நான்தான்.

கடைசிவரை மிஞ்சும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு பரிசு உண்டு. பியர் புட்டிக்கு மாட்டும் நுரை உறை, பச்சை நிறம், ‘இறுதி ஒன்பது’ என்று அச்சிட்டது. கடையில் மூன்று டாலருக்குக் கிடைக்கும் சாமான் என்று பலரும் நினைக்கிறார்கள். புட்டியின் மேல் நீர் பூக்கும்போது அந்த நீர் தன் வெப்பத்தைப் பியருக்குள் விட்டுவிடுகிறது. உறை அதைத் தடுக்கிறது. இறால் கிடங்கில் நாற்பது வருடம் குளிர்பதன இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன் நான். அதன் அருமை எனக்குத் தெரியும்.

பதினொரு வருடம் ஆடியும் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மெர்விடம் பதினான்கு இருந்தன. ஒரு கிறிஸ்துமஸுக்கு அதில் ஒன்றை எனக்குக் கொடுக்க வந்தான். நான் வாங்கவில்லை.

அன்று ஒரே மேசையில் பத்துப் பேர் மிஞ்சினோம். இன்னும் ஒருவர் வெளியேறினால் போதும். என்னிடம் இரண்டாயிரத்து முந்நூறு. என் வலப்பக்கம் மெர்வ், அவனிடம் இரண்டாயிரத்து அறுநூறு. மற்றவர்கள் முன்னால் மலை மலையாக இருந்தது. நான்கு ஆட்டம் கழித்துக் கடமை மெர்விடம் வரும். வலப்பக்கம் இருப்பதால் அவனிடம்தான் முதலில் வரும்.

மூன்று ஒன்பதுக்கு மெர்வ் என் பக்கம் சாய்ந்தான். “நெவ், ஒரு மாதிரியா வருதுடா. இடது கை மரத்துப்போச்சு. கிளெனிஸக் கூப்பிடேன்.”

“இந்த ஆட்டம் முடியட்டும் மெர்வ்.”

“சரிடா,” என்றான். எதற்கும் ஒத்துப்போகிறவன் அவன். பிறகு தாடை நெஞ்சில் பதிந்தது. விளக்கு அவன் கண்ணில் அடித்தது, எனவே அவன் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டேன்.

கிர்ரா நிமிர்ந்து பார்த்தாள். “மெர்வ் தூங்கிட்டாரா?”

“மீன் சாப்பிட்டான்ல. கண்ண அசத்திருச்சு.”

எதிரில் கரும்பு விவசாயி சில்வியோ. “குறட்டை இல்லாம மெர்வ் தூங்கி இன்னைக்குத்தான்யா பாக்குறேன்,” என்றான். பிறகு என்னைப் பார்த்தான். “ஏன் பெருசு, உன் வாய்க்கு லீவு குடுத்துட்டியா? போன வாரம் ஐஸ் எப்படி உறையுதுன்னு முக்கா மணி நேரம் உயிர வாங்குன.”

“ஆட்டத்தப் பாருப்பா.”

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சீட்டு வந்ததும் கீழே போட்டேன். அன்றைக்கு மேசையை வேகமாக ஓட்டியது நான்தான். அது மெர்வுக்கும் நல்லதுதானே. முடிந்த மறுநிமிடம் கிளெனிஸைக் கூப்பிடுவதாகத்தான் இருந்தேன்.

அவன் சட்டையின் மூன்றாவது பொத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் நிமிடத்துக்கு எட்டு முறை. பிறகு ஐந்து. ஓர் இயந்திரம் எப்போது நிற்கப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாவது ஆட்டத்தில் கிர்ரா மெர்வின் குவியலிலிருந்து இரண்டாயிரம் எடுத்தாள். ஆறாவதில் மிச்சமிருந்த அறுநூறையும் எடுத்தாள். அதே ஆட்டத்தில் நானும் இரண்டாயிரம் வைத்தேன்; கையில் முந்நூறு நின்றது. ஒன்பதாவது இடத்துக்கு முந்நூறு தாராளம்.

“மெர்வ் அவுட். பத்தாவது இடம்,” என்றாள் கிர்ரா.

பத்தாவதாகப் போகிறவருக்கு எல்லோரும் கைதட்டிக் கைகுலுக்குவது எங்கள் வழக்கம். தட்டினோம். நானும் தட்டினேன். சில்வியோ எழுந்து வந்து, “எந்திரி மாப்ள, வீட்டுல போயித் தூங்கு,” என்று மெர்வின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கையோடு மெர்வும் வந்தான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கிளெனிஸ் சில்லுகளைத் திருப்பி எண்ணி வைத்தார். “அவரு தூங்கல. உடம்பு முடியாம இருந்திருக்காரு. அவர்ட்ட எடுத்தது செல்லாது. உன்னோடதையும் எடுத்துக்க, நெவ்,” என்றவர், மெர்வின் இரண்டாயிரத்து அறுநூறின்மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

அடுத்த புதன் அதே மேசையில் ஆட்டம் தொடர்ந்தது. கிண்ணத்துக்கு அடியில் இருப்பவனை யாராலும் தோற்கடிக்க முடியாது. கடமை நேராக என்னிடம் வந்தது. ஒரு ஆட்டத்தில் இரண்டாயிரம், அடுத்ததில் முந்நூறு. பத்தாவது இடம். எல்லோரும் கைதட்டினார்கள். சில்வியோ மட்டும் கைகுலுக்க வரவில்லை. பச்சை உறையைக் கிளெனிஸ் மெர்வின் மனைவி டாட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அதைச் சவப்பெட்டியில் வைத்தார்களாம். புதைத்த சாமானால் யாருக்கு என்ன பயன்?

அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன். விதியை நீங்களே படித்துப் பாருங்கள். ‘திரும்பி வரும்வரை’ என்றுதான் இருக்கிறது. அது நோயாளிக்கான விதி. இறந்தவருக்கு அது எப்படிப் பொருந்தும்? இதையும், சில்லை எடுக்கும் முன்பே அவன் போய்விட்டான் என்பதையும் கிளெனிஸிடம் சொன்னேன். “அவரு எப்ப போனாருன்னு உனக்கு எப்படித் தெரியும், நெவ்? போய்ப் போலீஸ்ல சொல்லு. அவங்க எழுதிக்கட்டும்,” என்றார்.

எழுதிக்கொள்ளுங்கள். கடமை மெர்விடம் வந்தது மூன்று இருபதுக்கு. பொத்தான் கடைசியாக இறங்கியது மூன்று பதினெட்டுக்கு. எனவே சில்லை எடுத்தபோது அவன் நோயாளி இல்லை, எடுத்தது செல்லும். மருத்துவர் ‘ஏறக்குறைய மூன்றரை’ என்று எழுதியிருப்பது தவறு. அவர் அங்கே இல்லை. நான் இருந்தேன். மூன்று ஒன்பதிலிருந்து மூன்று பதினெட்டுவரை ஒவ்வொரு மூச்சையும் எண்ணியிருக்கிறேன். அந்த ஒன்பது நிமிடமும் மெர்வ் உயிரோடுதான் இருந்தான் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.