எட்டு செகண்டுப் பொண்ணு

— கத்தரிக்கோலை முதல்ல கீழ வைங்கம்மா. உக்காந்து பேசலாம்.

— வெட்டுறேன்னு சொல்லுங்க, வைக்கிறேன். எட்டே செகண்டு, தம்பி. உங்க படத்துல மொட்டைமாடியில ஜடை பறக்கச் சுத்துதே ஒரு பொண்ணு, அது நான். எதிர்வீட்டு மருமக போன்ல உங்க விளம்பரத்தைக் காட்டினா. உடனே கத்தரிக்கோலைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

— நல்லாத்தானே ஆடுறீங்க?

— அதுதானே வம்பே. கல்யாணமாகி மூணே மாசம். டெலிபோன் ஆபீஸ்ல ஓவர்டைம்னு வீட்டுக்காரர்கிட்ட பொய் சொல்லிட்டு ஆபீஸ் மாடியில போய் ஆடினேன், கூட வேலை பாத்த ஒருத்தர் கேமராவுல எடுத்தார். அப்புறம் ஆட வரும்னு சொன்னா எங்க ஆடினேன்னு கேப்பாரே. நாப்பது வருஷமா எனக்கு ஆடவே வராதுன்னு சாதிச்சிட்டு இருக்கேன்.

— அவர் எங்கம்மா என் படத்தைப் பாக்கப் போறார்? என் படத்துக்கு வர்றவங்களை ஒரே பெஞ்சுல உக்கார வச்சிடலாம்.

— நாளைக்கு சாயங்காலம் வர்றார். எங்கேருந்தோ ரெண்டு டிக்கெட் வாங்கிட்டு, நல்லதா உடுத்திட்டு வான்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். சினிமான்னாலே கொட்டாவி விடுற மனுஷன்.

— அம்மா, இருபத்தஞ்சு வருஷமா படம் பண்றேன், கேமராவைத் தொட்டதே இல்ல. பழைய சாமான் கடை, மூடின ஸ்டூடியோ, அங்க கிடக்கிற ரீலைப் பொறுக்கி ஒட்டுறதுதான் பொழப்பு. சுவத்துல அந்தப் பெட்டிங்களைப் பாருங்க. பொம்மைக் கை, பூட்டு, உடைஞ்ச கண்ணாடி, அதுவும் பொறுக்கினதுதான். எங்கண்ணன் இன்னும் என்னைக் குப்பைக்காரன்னுதான் கூப்பிடுறான்.

— குப்பையில நான் எப்படி வந்தேன்?

— அதை விடுங்க. இந்தப் படம் பூரா சுத்துற சாமான். மாவு மில்லு, ராட்டினம், துணி பிழியிற மிஷின். மூணு வருஷம் ஒட்டியும் உசிரு வரல. நடுவுல உங்களை ஒட்டினேன், எழுந்து நின்னுச்சு. உங்களை வெட்டி எடுத்தா அது வெறும் மிஷின் கடை.

— என் குடித்தனம் உங்களுக்கு விளையாட்டாப் போச்சு. பொய்யின்னா அவருக்கு ஆகவே ஆகாது. இந்த வயசுல அவர் முகத்தை நான் எப்படிப் பாப்பேன்? இதை யார்கிட்ட வாங்கினீங்க?

— வாங்கல, கொண்டுவந்து குடுத்தாங்க. யாருன்னு சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

— அப்ப நானே வெட்டிக்கிறேன். எந்த ரீலு, இதா?

— ஐயோ, விடுங்கம்மா, சொல்லிடறேன். உங்க வீட்டுக்காரர்தான். ஓவர்டைம் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போகலாம்னு அன்னிக்கு வந்தவர், மாடிப்படியில நின்னு பாத்தாராம். படம் எடுத்த ஆபீஸ்காரர்கிட்ட கெஞ்சி வாங்கி, நாப்பது வருஷமா உங்களுக்குத் தெரியாமப் போட்டுப் பாக்கிறாராம். ஒரு தடவையாவது உங்க பக்கத்துல உக்காந்து பாக்கணுமாம்.