கட்டிக்குள்ளே யார்?

– பொய் சொல்லாத ப்ளாச்சிதா. கட்டி வளர்ந்திருக்கு. சட்டை மாட்டும்போதே அக்குள்ல இடிக்குது.

– வளரலன்னு நான் எப்போ சொன்னேன், அத்தான்? எலுமிச்சை அளவு இருந்தது ஆரஞ்சு அளவாயிடுச்சு. ஸ்கேன்லயும் அதான் இருக்கு. முதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க.

– உக்கார வரல. இனிமே மருந்து ஏத்திக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன். கட்டி வளர்ந்தா மருந்து தோத்துப்போச்சுன்னு அர்த்தம், நிறுத்திடலாம்னு உங்க பெரிய டாக்டரே சொல்லிட்டாரு.

– லெத்தேரியோ அத்தான், சதைத் துணுக்கை ப்ளாச்சிதா பார்த்துச் சொல்றவரைக்கும் பொறுங்கன்னும் அவர் சொன்னாரு. அது மட்டும் காதுல விழலையாக்கும்.

– கொழுந்தியா ஆஸ்பத்திரியில இருந்தா இதான் தொல்லை. உங்கக்கா திட்டு வீட்டுல, உன் திட்டு இங்க.

– அக்கா போன்ல அழுதா. படகுல உங்க இடத்தைக் கத்தால்தோவுக்குக் கொடுத்துட்டீங்களாமே?

– வேற என்ன செய்ய? வாள்மீன் நம்ம மெசினாக் கடலுக்கு வர்ற நேரம். கம்பத்து உச்சியில நின்னு மீன் பார்க்க ஆள் வேணுமில்ல? வாலிபத்துலேருந்து அந்த வெயில்ல நின்னேன். வெயில் என் முதுகுல ஒரு கறுப்பு மச்சத்தை வெச்சுது, மச்சம் புற்றாகி அக்குளுக்கு இறங்கிடுச்சு. அவ்வளவுதான் நம்ம கதை.

– போயும் போயும் கத்தால்தோவா? மூக்குக்கு முன்னால கப்பல் நின்னாலும் அவனுக்குத் தெரியாதே.

– தெரியும்மா. சாகறதைவிட அந்தக் கவலைதான் பெருசா இருக்கு.

– சரி, ஒரு கதை சொல்றேன், கேளுங்க.

– டாக்டர் கதை சொன்னா ஆள் தேறமாட்டான்னு அர்த்தம்.

– வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க. மலையில ஒரு ஆட்டுப்பட்டி. வெள்ளை நாய்ங்க காவல். ஒரு ஓநாய் வந்துச்சு. சண்டையே போடல. வேலியோரமாப் படுத்துக்கிட்டு நாய்ங்களுக்குத் தினம் ஒரு எலும்பைப் போட்டுச்சு. கொஞ்ச நாள்ல நாய்ங்க அதைச் சுத்தியே படுக்க ஆரம்பிச்சிடுச்சு. குளிருக்கு அணைவா. அப்புறம் ஆடு இருக்கிற இடத்தையும் அதுங்களே காட்டிக் கொடுத்துச்சு.

– காவலே சோரம் போன கதை. சரி, எனக்கென்ன?

– உங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள்தான் அந்த நாய்ங்க. மருந்து ஏத்தறதுக்கு முன்னால எடுத்த துணுக்குல அதுங்க புற்றைச் சுத்தி மொய்ச்சிருந்துச்சு. ஆகா, படை வந்துடுச்சுன்னு நாங்களும் ஏமாந்தோம். வேற சாயம் போட்டுப் பார்த்தா, ஒண்ணும் கடிக்கல. உக்காந்து புற்றுக்கு ரத்தக்குழாய் போட்டுக் கொடுத்துட்டிருக்கு. கடிக்கத் தெரிஞ்ச ரகம் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி வெளியவே நிக்குது.

– எனக்குள்ளேயே எனக்குத் துரோகி.

– இப்போ ஏத்தற மருந்து புற்றைக் கொல்ற விஷமில்ல, அத்தான். அந்த வாய்க்கட்டை அவிழ்க்கிறது.

– அவிழ்த்தாச்சே, அப்புறம் ஏன் ஓநாய் கொழுக்குது? அதுக்குப் பதில் சொல்லு.

– சொன்னா நம்பமாட்டீங்க. உங்க கண்ணாலதான் பார்க்கணும். கம்பத்து மேலேருந்து கடல்ல ஒரு நிழல் தெரிஞ்சா, உடனே ஈட்டிக்காரனுக்குக் குரல் கொடுப்பீங்களா?

– மாட்டேன். மேகத்து நிழலா இருக்கலாம், நெத்திலிக் கூட்டமா இருக்கலாம். தண்ணிக்குள்ள ஊதாவா மின்னணும். ஊதா தெரிஞ்சா அது வாள்மீன், சந்தேகமே இல்ல. அதுக்கு முன்னால கூவினா ஈட்டிக்காரன் என்னைக் கடல்ல தள்ளிடுவான்.

– ஸ்கேன் காட்டினதும் வெறும் நிழல்தான். வாங்க, இந்த மைக்ராஸ்கோப்புல கண்ணை வைங்க. இந்த வாரம் உங்க கட்டியிலேருந்து எடுத்தது.

– தலை சுத்துது.

– அம்மாடி, கம்பத்து உச்சியில சுத்தாத தலை. ரெண்டு கண்ணையும் திறந்து பாருங்க.

– ம்... தெரியுது. மாதாவே, ஊதாப் புள்ளி. அள்ளிக் கொட்டின மாதிரி. இடைவெளியே இல்ல.

– நடுவுல?

– வெளிறிப்போய்ப் பெருசு பெருசா என்னமோ கெடக்கு. உடைஞ்ச ஓடு மாதிரி. அதுக்குள்ளேயும் ஊதா புகுந்து நிக்குது.

– நல்லாப் பாருங்க.

– போதும்மா. பார்த்துட்டேன். இந்தக் கண்ணு இதுல தப்பாது. உள்ள இவ்வளவு ஊதா மண்டிக்கெடக்கும்போது இனி எந்த மருந்து என்ன செய்யும்? உங்கக்கா அகாத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ சொன்னா உன்கிட்டதான் சண்டைக்கு வருவா.

– கதவைச் சாத்திட்டு உக்காருங்க, அத்தான். அந்த ஊதாப் புள்ளியில ஒண்ணுகூடப் புற்று இல்ல. அத்தனையும் வாய்க்கட்டு அவிழ்ந்த உங்க வெள்ளை அணுக்கள், சாயம் போட்டதால ஊதாவாத் தெரியுது. அதுங்க உள்ள புகுந்த கூட்டத்துலதான் கட்டியே வீங்கியிருக்கு. உடைஞ்ச ஓடுன்னீங்களே, அதுதான் புற்று. இந்தத் துணுக்குல அது உயிரோட ஒண்ணாவது இருக்கான்னு காலையிலேருந்து தேடறேன், இன்னும் கண்ணுல படல.